குறும்படம்: புதுச்சேரியிலிருந்து குவாதலூப் தீவுக்குப் போன கூலிகள். கதையை எங்கே தொடங்கலாம்?

குருசுக்குப்பம்_கேமரா
வணக்கம் மக்களே. அடுத்த படத்துக்கு வரலாற்றுக் கதை ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறோம். கரீபியக் கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் 1848-இல் அடிமை முறையை ஒழித்தார்கள். கரும்பு வெட்ட ஆள் இல்லாமல் போனதும் தோட்ட முதலாளிகள் நம் பக்கம் திரும்பினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு 'ஒரேலி' என்ற கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு 1889 வரை கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. மொத்தம் 42,000 பேருக்கு மேல். திரும்பி வந்தவர்கள் நாலில் ஒரு பங்குகூடக் கிடையாது.

படம் 40 நிமிடத்துக்குள். முதல் பாதி முழுக்கக் கப்பல்: கீழ்த்தட்டில் நெருக்கியடித்துப் படுத்திருக்கும் சனம், பேதி, கடலில் போடப்படும் பிணம், ஒரு பிரசவம். இரண்டாம் பாதி தோட்டம், சவுக்கடி, ஒரு தற்கொலை. கப்பலின் உள்பகுதியை ஒரு குடோனில் செட் போட்டுவிடலாம் என்கிறார் ஆர்ட் டைரக்டர். கருத்து சொல்லுங்கள். திட்டுவதாக இருந்தால் காரணத்தோடு திட்டுங்கள்.

நெல்லிக்குப்பம்77
கரும்புக் காட்சிக்கு எங்கும் அலைய வேண்டாம் தம்பி. எங்கள் ஊரைச் சுற்றிக் கரும்புதான். வெட்டு நடக்கும்போது வந்தால் ஆள், வண்டி, சோகை கொளுத்தும் புகை எல்லாம் இலவசம். ஒன்று மட்டும் கவனம்: டிராக்டர் தடமும் கரண்ட் கம்பியும் ஃபிரேமுக்குள் வந்துவிடும். விடியற்காலைப் பனியில் எடுத்தால் பாதி மறையும்.

பகல்காட்சி
இன்னொரு கப்பல், இன்னொரு சவுக்கு. தப்பாக நினைக்காதீர்கள் தம்பி, நீங்கள் எழுதியிருக்கும் காட்சிகளை ஏற்கெனவே பத்துப் படத்தில் பார்த்துவிட்டோம். பார்க்கிறவன் 'ஐயோ பாவம்' என்பான், எழுந்து டீ குடிக்கப் போவான். யார் செய்தார்கள், எந்தச் சட்டத்தின் பேரில் செய்தார்கள், எதிர்த்தவன் யார் என்று எதுவும் மனதில் நிற்காது. உங்கள் கதையில் கூலிக்குப் பேரே இல்லையே. அடி வாங்குவதற்கு மட்டும் ஒரு ஆளா?

குருசுக்குப்பம்_கேமரா
பேர் வைக்கலாம் சார், அது பெரிய விஷயமில்லை. ஆனால் வலியைக் காட்டாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியுமா?

வைசியாள்வீதி
தம்பி, பேர் வைக்கவே வேண்டாம். வரலாற்றிலேயே ஒரு பேர் இருக்கிறது: ஹென்றி சிதம்பரம்.

1863-இல் குவாதலூப்பின் கப்பெஸ்தேர் ஊரில் பிறந்தவர். கப்பலில் வந்த கூலிகளின் பிள்ளை. பிரெஞ்சு படித்து, குடியேற்ற இலாகாவில் எழுத்தராக வேலை பார்த்தவர். அதாவது தன் அப்பா அம்மாவைப் போலக் கொண்டுவரப்பட்டவர்களின் காகிதங்கள் நாள் முழுக்க அவர் கைவழியாகப் போய் வந்தன.

1904-இல் தீவில் பிறந்த இந்தியர்களின் பிள்ளைகள் சிலர் வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கப் போனார்கள். ஆளுநர் தெ லா லுவாயேர் ஆட்சேபித்தார். இவர்களின் பெற்றோர் பிரிட்டிஷ் குடிமக்கள், அதனால் பிள்ளைகளும் அந்நியர்கள், ஓட்டுப் போட முடியாது என்பது வாதம். இத்தனைக்கும் பிரான்சில் 1889-லேயே குடியுரிமைச் சட்டம் வந்துவிட்டது. பிரெஞ்சு மண்ணில் அந்நியருக்குப் பிறந்து, அங்கேயே வளர்ந்து ஆளானவன் பிரெஞ்சுக்காரன் என்கிறது அது. குவாதலூப், மர்த்தினிக், ரெயூனியோன் என்ற மூன்று பிரெஞ்சுத் தீவுகளுக்கும் அந்தச் சட்டம் செல்லும். இத்தாலிக்காரனின் பிள்ளை பிரான்சின் மர்சேயில் பிறந்தால் குடிமகன், கூலியின் பிள்ளை கப்பெஸ்தேரில் பிறந்தால் அந்நியன். இதற்கு நிறத்தைத் தவிர வேறு என்ன காரணம் சொல்வீர்கள்?

சிதம்பரம் நீதிமன்றம் போனார். மனு, மேல்மனு, கடிதம், மறுபடி மனு. பாரீசிலிருந்து பதில் வர 1923 ஆனது. புவான்காரே பிரதமராக இருந்தபோதுதான் தீவில் பிறந்த இந்தியர்களைக் குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். 19 வருடம். அதற்குள் மனுப் போட்ட இளைஞர்களுக்கே தலை நரைத்திருக்கும். வழக்குக் காகிதங்களை அவரே தொகுத்து அச்சிட்டிருக்கிறார். 1952-இல் இறந்தார்.

உங்கள் படம் கப்பல் போய்ச் சேர்ந்த பிறகு தொடங்கட்டும். 1904, ஒரு அலுவலகம், ஒரு பட்டியல், அதில் அடிக்கப்பட்ட பேர்கள். அதுதான் என் ஓட்டு.

குருசுக்குப்பம்_கேமரா
அக்கா, தகவலுக்கு நன்றி. ஆனால் காகிதத்தை எப்படிப் படமாக்குவது? மேசை, நாற்காலி, பேனா. ஐந்து நிமிடத்தில் ஆள் கொட்டாவி விடுவான்.

பகல்காட்சி
ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போய் தாலுகா ஆபீசில் நின்றிருக்கிறீர்களா? உள்ளே இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'அடுத்த வாரம் வா' என்பார். அங்கே நிற்கும் யாராவது கொட்டாவி விட்டுப் பார்த்ததுண்டா?

சொல்தா_வீட்டுப்பிள்ளை
பாரீசுக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளம், முத்தியால்பேட்டை. இங்கே குவாதலூப்காரர்களோடு வேலை செய்கிறேன், அந்தப் பழக்கத்தில் இரண்டு விஷயம்.

ஒன்று: இது 'நம்ம ஆளுங்க கதை' என்று அவர்களிடம் போய் நின்றால் சிரிப்பார்கள். அவர்கள் குவாதலூப்காரர்கள். வீட்டில் கிரெயோல்தான் பேசுவார்கள், பிரெஞ்சிலிருந்து அங்கே உருவான மொழி. கொலொம்போ என்று ஒரு மசாலாக் குழம்பு வைப்பார்கள், அதைத் தீவில் எல்லாரும் சாப்பிடுகிறார்கள், கறுப்பர் வெள்ளையர் உட்பட. மாரியம்மன் அங்கே மலியெமென், மதுரைவீரன் மல்தெவிலின். கப்பெஸ்தேர் சாலையோரத்தில் ஷான்ழி கோயில் இருக்கிறது. தமிழ் தெரியாமலே தமிழ்ப் பாட்டை வாய்ப்பாடமாகப் பாடுகிற பூசாரிகள் இருக்கிறார்கள். இதைப் பார்த்ததும் நம் ஆட்கள் 'ஆகா, தமிழை மறக்கவில்லை' என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தயவுசெய்து அந்தக் காட்சி வேண்டாம். அங்குள்ளவர்களை ஸ்கிரிப்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், வெறும் நன்றி அறிவிப்பில் அல்ல.

இரண்டு: கறுப்பர்கள். உங்கள் வரைவில் வெள்ளை முதலாளியும் தமிழ்க் கூலியும் மட்டும்தான் இருக்கிறார்கள். 1848-இல் விடுதலையான கறுப்பர்கள் கூலியை உயர்த்திக் கேட்க முடியாதபடிதான் நம் ஆட்களை இறக்கினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், ஆணுக்கு மாதம் 12.50 ஃபிராங்க். தோட்டத்தைவிட்டு வெளியே போக சீட்டு வேண்டும், சீட்டில்லாமல் பிடிபட்டால் நாடோடிக் குற்றம். அந்தச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டு வந்தவனைப் பார்த்தால் விடுதலையானவனுக்குக் கோபம் வராதா? 'கூலி' என்று காறித் துப்பினான். நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. நிறத்தை வைத்து ஆளை மட்டம் தட்டும் வழக்கத்தை ஊரிலிருந்தே மூட்டையில் கட்டிக்கொண்டு போனவர்கள்தானே. இந்த இரண்டு பேரையும் மோதவிட்டது யார் கணக்கு என்று காட்டாவிட்டால் படம் பொய்யாகிவிடும்.

தென்பெண்ணை_தமிழன்
நம் முன்னோர் பட்ட பாட்டைச் சொல்ல வந்த இடத்தில் அவர்களையே குற்றவாளி ஆக்குவது என்ன நியாயம்? வெள்ளைக்காரன் செய்த கொடுமைக்கு நாம் ஏன் தலை குனிய வேண்டும்? உலகத்துக்குத் தெரிய வேண்டியது தமிழன் பட்ட வலி. மற்றதெல்லாம் அப்புறம்.

கெடிலக்கரை
தென்பெண்ணை தம்பிக்கு: தலை குனிவது இருக்கட்டும், முதலில் கரையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். நான் கடலூர்க்காரன், பாடம் நடத்திப் பழகியவன், கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

புதுச்சேரி என்பது ஒரே துண்டு நிலமல்ல. பிரெஞ்சுக் கிராமத்தை ஒட்டி பிரிட்டிஷ் கிராமம், மறுபடி பிரெஞ்சுக் கிராமம். இன்றும் பாகூர் பக்கம் போனால் எது தமிழ்நாடு, எது புதுச்சேரி என்று சாராயக் கடை போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கூலிக்குப் போனவர்களில் பெரும்பகுதி பிரெஞ்சுக் குடிகள் அல்ல, சுற்றியிருந்த பிரிட்டிஷ் ஜில்லாக்காரர்கள். எங்கள் தென்னார்க்காடும் அதில் உண்டு. அதனால்தான் 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தமே போட்டன: பிரெஞ்சுத் தீவுகளுக்குப் பிரிட்டிஷ் இந்தியர்களைக் கொண்டுபோக அனுமதி, அதைக் கண்காணிக்கத் துறைமுகத்தில் பிரிட்டிஷ் ஏஜெண்ட். பின்னால் 1904-இல் ஆளுநர் பிடித்துக்கொண்ட நூலிழை இதுதான்.

எல்லையைத் தாண்டி ஆளைக் கூட்டி வந்தவன் வெள்ளைக்காரன் இல்லை. மேஸ்திரி. நம் ஊர்க்காரன், நம் பாஷைக்காரன். தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, கப்பலேறும்வரை ஆட்களை வைத்திருக்கும் டிப்போவில் அடைத்தான். போனவர்களில் பறையரும் பள்ளரும் ஏராளம், வன்னியரும் மற்றவர்களும் இருந்தார்கள். 1876 முதல் 78 வரை தாது வருசப் பஞ்சத்தில் கிராமமே காலியாகிக் கிளம்பியது. பஞ்சம் இல்லாத காலத்திலும் பண்ணையார் களத்துமேட்டில் கட்டி வைத்து அடித்ததால் ஓடினவன் உண்டு. அவனுக்குச் சவுக்கு குவாதலூப்பில்தான் அறிமுகமானதா என்ன?

இது வெள்ளைக்கார முதலாளியின் குற்றத்தைக் குறைக்காது. ஆனால் இந்தப் பாதியை விட்டுவிட்டு எடுத்தால், நாம் பார்த்து நாமே உச்சுக்கொட்டிக்கொள்ளும் படமாக முடியும்.

கப்பலேறும் காட்சி வைப்பதானால் ஒரு விவரம். புதுச்சேரியில் கப்பல் கரையை அணையாது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கடலுக்குள் நீளும் பழைய பாலம் கட்டப்பட்டதே 1860-களில். 1854-இல் போனவர்கள் சலங்கில்தான் போயிருக்க வேண்டும். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு, ஆணி அடித்த படகு அலையில் பிளந்துபோகும். மூன்று அலைவரிசையைத் தாண்டுவதற்குள் உள்ளே இருப்பவன் முழுக்க நனைந்திருப்பான். கடலையே பார்த்திராத உள்நாட்டு உழவன் அவன். பக்கத்தில் துடுப்புப் போடும் மீனவன் பாட்டுப் பாடிக்கொண்டு தினசரி வேலையாக அதைச் செய்கிறான். எனக்கு மூன்று மாதக் கப்பலைவிட அந்தக் கால் மணி நேரம் போதும். செட்டும் வேண்டாம்.

நெல்லிக்குப்பம்77
தைத்த படகு இப்போது எங்கே கிடைக்கும் ஐயா? ஃபைபர் போட்டுக்கு மேலே சாக்கைப் போர்த்தி எடுத்தால் முதல் ஷாட்டிலேயே மாட்டிக்கொள்வோம்.

கெடிலக்கரை
படகுக்குள்ளிருந்தே எடுக்கட்டும். பலகையும் கயிறும் முகங்களும் தெரிந்தால் போதாதா?

வைசியாள்வீதி
ஐயா சொன்ன எல்லை விஷயத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே காலத்தில் புதுச்சேரியில் இந்தியர்கள் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1871 முதல் இங்கிருந்து பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் போனார். ஆக, பாகூர்க்காரன் பாகூரில் இருந்தால் வாக்காளன், பக்கத்து ஊர்க்காரனின் மகன் பிரெஞ்சு மண்ணிலேயே பிறந்தாலும் வாக்காளன் இல்லை. உடனே புதுச்சேரி சொர்க்கம் என்று எழுதிவிடாதீர்கள். 1884-க்குப் பிறகு இங்கே ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், இந்து சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்களுக்கு ஒரு பட்டியல், மற்ற இந்தியர்களுக்கு ஒன்று. ஆளை எண்ணும்போதே தோலைப் பார்த்துத்தான் எண்ணினார்கள். 1873-இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய பூட்சு போட்டுக்கொண்டு நீதிமன்றம் போனதற்கு வாதாட விடவில்லை. பாரீஸ் வரை வழக்காடி ஜெயித்தார். சிதம்பரத்துக்கு 30 வருடம் முன்னால். இரண்டு பேரும் வக்கீல் வாதத்தை நம்பினார்கள், இரண்டு பேருக்கும் கிடைத்தது பாரீசிலிருந்து வந்த பதில்தான். உள்ளூர் அதிகாரி கடைசிவரை இறங்கி வரவில்லை.

பகல்காட்சி
சின்னச் சந்தேகம். இவ்வளவு தூரம் போவானேன்? இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுகளில் தியேகோ கார்சியா இருக்கிறதே. 1968 முதல் 73-க்குள் சாகோஸ் தீவுக்காரர்களைப் பிரிட்டிஷார் மொத்தமாகக் காலி செய்து மொரீசியசிலும் சீஷெல்சிலும் கொண்டுபோய்ப் போட்டார்கள், அமெரிக்கத் தளத்துக்காக. அவர்களின் நாய்களைக்கூடப் பிடித்துப் புகை போட்டுக் கொன்றார்கள். அந்த மக்களிலும் தமிழ் ரத்தம் கலந்திருக்கிறது. அனுபவித்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், பேட்டி எடுக்கலாம்.

சொல்தா_வீட்டுப்பிள்ளை
நல்ல கதைதான். ஆனால் அது ஆவணப்படம். உயிரோடு இருப்பவர்கள் தாங்களே பேசுகிறார்கள், நடிகரை வைத்து நாம் ஏன் பேச வேண்டும்? 2019-இல் உலக நீதிமன்றமே பிரிட்டன் அந்தத் தீவுகளின் ஆட்சியை விட வேண்டும் என்று கருத்துச் சொல்லிவிட்டது. குவாதலூப் கதைக்குத்தான் ஆள் இல்லை.

கூத்துக்காரன்_பேரன்
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், இப்போதுதான் எழுதுகிறேன். பண்ருட்டிப் பக்கம், மூன்று தலைமுறையாகத் தெருக்கூத்து.

அந்தத் தீவுகளுக்கு எங்கள் கூத்தும் கப்பலேறிப் போயிருக்கிறது. குவாதலூப்பிலும் மர்த்தினிக்கிலும் நாத்ரோன் என்பார்கள், ரெயூனியோனில் நால்கோன். நாடகம்தான். இரவு முழுக்க ஆடுவார்கள், மகாபாரதக் கதை உண்டு.

கேமரா தம்பி, காகிதம் கொட்டாவி வரவைக்கும் என்கிறீர்கள். கட்டியங்காரனை உள்ளே விடுங்கள். எங்கள் கூத்தில் ராசா கொலுவுக்கு வரும்போது கட்டியங்காரன்தான் அவரைக் கேள்வி கேட்பான். யார் நீ, எந்த நாடு, என்ன பேரு, எதற்கு வந்தே? ராசா பதில் சொல்லியே ஆக வேண்டும். நடுவில் ஊர் தாசில்தாரையும் பிரசிடெண்டையும் கிண்டலடித்துவிட்டுப் போவான், சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். வாக்காளர் பட்டியல் அலுவலகத்திலும் இதே கேள்விகள்தானே? பேரென்ன, அப்பன் பேரென்ன, எந்த நாட்டான்? பகலில் கிளார்க்கு சிதம்பரத்தைக் கேட்கிறான். இரவில் தோட்டத்துக் கூத்தில் கட்டியங்காரன் அதே கேள்விகளை துரியோதனனிடம் கேட்கிறான். கிளார்க்கின் குரலில் கேட்கிறான். இதை எழுதிக் கொடுத்தால் எங்கள் குழுவே ஆடும். மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம் எல்லாம் கையில் இருக்கிறது. காசு பிறகு பேசிக்கொள்ளலாம், சாப்பாடு மட்டும் நல்லதாக இருக்கட்டும்.

பகல்காட்சி
இது படம். எழுந்து நின்று கைதட்டினேன்.

தென்பெண்ணை_தமிழன்
கூத்துக்காரர் சொன்னது பிடித்திருக்கிறது. ஆனால் அடியும் வதையும் ஒரு காட்சியாவது இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ ஓட்டுச் சீட்டுத் தகராறு என்று நினைத்துக்கொள்வார்கள். போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள் என்பதை எங்கே சொல்லப் போகிறீர்கள்?

வைசியாள்வீதி
நியாயமான கேள்வி தம்பி. சிதம்பரம் குடியேற்ற இலாகாவில் இருந்தார் இல்லையா, அங்கே பேரேடுகள் உண்டு. பேர், கப்பல், தோட்டம், இறந்த தேதி. ஒரு பக்கத்தை மெதுவாக மேலிருந்து கீழே காட்டினால் எத்தனை வரி அப்படி முடிகிறது என்று தெரியும். முதுகில் ரத்தம் பூசுவதைவிட எனக்கு அது கனமாகப் படும். உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை ஆண்கள் யாரும் கேட்கவே இல்லை. 1923-இல் 'இந்தியர்களுக்கு' ஓட்டு வந்தது என்று படத்தை முடிக்கப் போகிறீர்கள். வந்தது ஆண்களுக்கு. பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமையே 1944-இல்தான் வந்தது. கரும்பு வெட்டுக்குப் பின்னால் கட்டுக் கட்டிக்கொண்டே போனவள், ஆணைவிடக் குறைந்த கூலிக்கு ஒப்பந்தம் போட்டவள், அவள் இந்தக் கதையில் எங்கே? சிதம்பரம் கடிதத்தைக் கொண்டுவந்து வீட்டில் படிக்கும்போது கேட்டுக்கொண்டிருக்கிற பெண் ஒருத்தி இருப்பாள். அவள் சந்தோஷப்படட்டும், உண்மையாகவே படட்டும். அப்புறம் 'எனக்கு?' என்று கேட்கட்டும்.

குருசுக்குப்பம்_கேமரா
எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து டீமோடு உட்கார்ந்து பேசினோம். கப்பல் செட் இல்லை. சலங்கு காட்சி இருக்கிறது, படகுக்குள்ளிருந்து. தோட்டத்தில் ஒரு அடிதடிக் காட்சி வைக்கிறேன், அதில் மட்டும் நான் தென்பெண்ணை கட்சி. ஆனால் சீட்டில்லாமல் பிடிபட்டதற்கு விழும் அடியாக இருக்கும், சும்மா வில்லத்தனத்துக்காக அல்ல. மேஸ்திரி பாத்திரத்துக்கு வசனம் அதிகமாகியிருக்கிறது. கட்டியங்காரன் கண்டிப்பாக உண்டு, அண்ணன் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். முடிவு அக்கா சொன்ன மாதிரி. 1981-இல் எர்னெஸ்ட் முத்துசாமி குவாதலூப்பிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போனதைக் கடைசியில் எழுத்தாகப் போடலாமா என்று யோசிக்கிறோம்.

வைசியாள்வீதி
போட்டால் 'எனக்கு?' என்ற கேள்வியை அது விழுங்கிவிடும். வேண்டாம்.

நெல்லிக்குப்பம்77
அலுவலகக் காட்சிக்கு வெள்ளைக்கார வீதி வீடு கேட்டு அலையாதீர்கள். ஒரு நாள் வாடகையில் பட்ஜெட் காலி, தெருவில் கேமரா வைக்கத் தனி அனுமதி, ஞாயிற்றுக்கிழமை என்றால் செல்ஃபி கூட்டம். கடலூர் பழைய நகரில் மரப்படியும் உயரச் சன்னலும் உள்ள வீடுகள் இருக்கின்றன. உள்ளே மட்டும் எடுப்பதானால் அது போதும்.

குருசுக்குப்பம்_கேமரா
நன்றி அண்ணே. பெரிய தலைவலி இனிமேல்தான்: கிரெயோல். நீதிமன்றம் பிரெஞ்சில், அதற்கு இங்கே ஆள் இருக்கிறது. கறுப்பினத் தோட்டக்காரர் பாத்திரம் இரண்டு, கிரெயோல் வசனம் ஆறு பக்கம். நம் ஊர் ஆளுக்கு வேஷம் போட்டு எடுக்க மாட்டேன்.

சொல்தா_வீட்டுப்பிள்ளை
வேஷம் போடாதீர்கள், மானம் போகும். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் கப்பெஸ்தேர்க்காரர், அவர் தங்கை மேடை நாடகத்தில் நடிக்கிறாள். வரைவை பிரெஞ்சில் ஒரு பிரதி அனுப்புங்கள். ஆறு பக்கத்தையும் அவர்களே கிரெயோலில் எழுதட்டும், நீங்கள் எழுதியதை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். டிக்கெட் செலவு உங்களுடையது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: பாட்டனை 'கூலி' என்று துப்புகிற காட்சியை முதலில் படிக்கப்போவது அவர்கள்தான். மாற்றச் சொல்வார்கள், சண்டை வரும். ஷூட்டிங் தேதியை அதற்கு அப்புறம் வையுங்கள்.